வெட்டரன் சூசை

ஒரு ஆங்கிலச் சொல்லுக்கு வேண்டுமென்றே தப்பாக அர்த்தம் சொல்லி, சூசையண்ணனின் கால்பந்தாட்டத்தை நிறுத்தியவன் நான்.

இன்று விவேக் நகரில் அவர் உடலருகே நின்றபோது, வந்திருந்தவர்களில் யாரோ முழங்காலுக்குத் தடவியிருந்த நீலகிரித் தைலம் மணத்தது. ஐம்பதுகளில் ஞாயிறு பூசை முடிந்ததும் அவர் டீக்கடை பெஞ்சில் காலை நீட்டி, வெறுங்காலோடு கோல் போடும் அந்தப் பாதங்களுக்கு அதே தைலத்தைத் தேய்த்துக்கொண்டிருக்க, இங்கிலீஷ் பள்ளியில் படித்த நான் முந்தைய நாள் ஆட்டத்தைப் பேப்பர் பார்த்துத் தமிழில் சொல்லச் சொல்ல, தெருவே கேட்டுக்கொண்டிருக்கும்.

ஒரு சனிக்கிழமை ஜெயித்துத் திரும்புகையில், சைக்கிள் பாரில் என் இடத்தில் வேறொருவனை உட்காரவைத்து வந்தார். மறுநாள் பேப்பரில் அவர் பேருக்கு முன்னால் அந்தச் சொல் இருந்தது.

"வெட்டரன்னா இன்னாடா?"

"கெழவன்னு அர்த்தம்ணே."

அனுபவசாலி என்று எனக்குத் தெரியும்.

"தாத்தாவுக்கு ஸ்ட்ராங்கா ஒரு டீ போடுப்பா" என்றார்கள் கடையில் இருந்தவர்கள். அவரும் சிரித்தார். அடுத்த சனிக்கிழமை மைதானத்துக்கு வரவில்லை. பிறகு ஆடவே இல்லை. அப்போது அவருக்கு முப்பத்திரண்டு வயது.

ஆங்கில ஆசிரியரான பிறகு அகராதியோடு போய் உண்மையைச் சொன்னேன். "அப்போ பேப்பர்காரன் நல்லாத்தான் போட்டிருந்தானா?" என்று மட்டும் கேட்டார். அந்தச் சொல்லை அப்படியே தமிழ் எழுத்தில் ஒரு சீட்டில் எழுதச் சொல்லி வாங்கிக்கொண்டார்.

இன்று அவர் மகள் அதே சீட்டை நீட்டினாள்.

"கல்லறையில பேருக்கு முன்னால இதப் போடணும்னாரு சார். என்னா அர்த்தம்?"

வாசலில் நின்றவர்களுக்கெல்லாம் கேட்கும்படி சொன்னேன்.