சாபமல்ல, செம்பு

நோலின் பெங்கிலியின் படகுக்குச் சாபம் பிடித்திருக்கிறது என்று பெல்டன் துறையில் சொல்லாத ஆள் இல்லை. மற்றவர்களின் படகு நீலக்கால் நண்டோடு திரும்பும். அவளுடையது கணுக்கால் அளவு தண்ணீரோடு திரும்பும். இரண்டு தடவை கயிறு கட்டி இழுத்துவர வேண்டியதாயிற்று. காரணமும் ஊருக்குத் தெரியும். அவளுடைய சாப்பாட்டுப் பெட்டியில் வாழைப்பழம் இருக்கிறது. படகில் வாழைப்பழம் ஏற்றினால் மீனும் கிடைக்காது, படகும் உருப்படாது. போதாததற்கு, பழைய சொந்தக்காரன் வைத்த பெயரைச் சுரண்டிவிட்டுத் தனக்குப் பிடித்த பெயரை எழுதினாள். இதற்கெல்லாம் மேலே, பெண்பிள்ளை தனியாகப் போகிறாள்.

செயற்கைக்கோளைப் பார்த்து டிராக்டர் ஓட்டுகிற ஊர் இது. கோதுமையின் ஈரப்பதத்தைக் கருவி வைத்து அளந்து, அளவு சற்று கூடினாலும் லாரியைத் திருப்பி அனுப்புகிற ஆண்கள், கடற்கரைக்கு வந்ததும் வாழைப்பழத்துக்குப் பயந்தார்கள்.

நோலின் பள்ளிப் பேருந்து ஓட்டியவள். ஆட்டுப் பண்ணைகளுக்கு நடுவே, வேலிக்கும் பள்ளத்துக்கும் இடையில், பிள்ளைகள் கத்திக்கொண்டிருக்க முழு பஸ்ஸைப் பின்னால் எடுத்துப் பழகிய கை. ஆனால் படகு டிரெய்லரோடு அவள் படகு இறக்கும் சரிவில் இறங்கினால் போதும், எங்கிருந்தோ இரண்டு பேர் ஓடிவந்து, “இடது, இடது... இன்னும் கொஞ்சம் இடதும்மா” என்று கையை ஆட்டுவார்கள். அவளுடைய கணவன் கிரஹாமுக்குக் கடல் ஆகாது. படகில் ஏறவே வேண்டாம், துறைப்பாலத்தில் நின்றாலே வயிற்றைப் புரட்டும். இருந்தும் ஊரில் அது ‘கிரஹாமின் படகு’தான். கடைத்தெருவில் அவனை நிறுத்தி, “உன் என்ஜின் எப்படிப்பா ஓடுது?” என்று கேட்பார்கள். “என் அடுப்பு நல்லா எரியுது. என்ஜினைப் பத்தி அவகிட்ட கேளு” என்பான்.

இரண்டாம் முறை இழுத்துவந்த மறுவாரம், மீன்பிடிச் சங்கத்தின் வாயில் பலகைக்குக் கீழே புதிதாக ஒரு சிறு பலகை தொங்கியது: ‘தனியாளாகப் படகு இறக்கக் கூடாது.’ சரிவு சங்கத்துக்குச் சொந்தம். விட்டால் அடுத்த சரிவு அரை நாள் ஓட்டம். பலகையை அடித்தவன் சங்கத் தலைவன் ராஸ் ட்ரெலோர். நோலின் அங்கேயே அவனைப் பிடித்துக்கொண்டாள்.

“கிளெம் தனியாத்தானே போறான்?”

“கிளெம் வேற, நோலின். அவன் பொறந்ததுலேருந்து படகுல கிடக்கிறவன்.”

“நான் என்ன நேத்து சாயங்காலமா பொறந்தேன்?”

“கோவப்படாதம்மா. உன் நல்லதுக்குத்தான். கிரஹாமைக் கூட்டிட்டு வா, தாராளமாப் போ.”

“அவன் வாந்தி எடுக்கறதைப் பிடிக்க ஒரு ஆளு, படகை ஓட்ட ஒரு ஆளா?”

“சரி, வேற யாராவது ஒரு ஆம்பளையை...” என்றவன் பாதியில் நிறுத்திக்கொண்டான். ஆனால் சொல்ல வந்தது வெளியே வந்துவிட்டது.

ஓய்வுபெற்றபின் நோலினுக்கென்று இருந்தது அந்த விடியற்காலைக் கடல் ஒன்றுதான். முதுகுக்குப் பின்னால் பிள்ளைகள் இல்லை, மணி பார்க்க வேண்டியதில்லை, கூண்டு வலையை இறக்கிவிட்டு இயந்திரத்தை அணைத்தால் அலை தட்டும் சத்தம் மட்டும். துணைக்கு ஒருவனை ஏற்றிக்கொண்டு போவதற்கு அவள் வீட்டிலேயே இருக்கலாம். அந்தத் தனிமையைப் பறிக்க ஒரு பலகை போதும் என்று இவர்கள் நினைத்ததுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் டிரெய்லரில் இருந்த படகுக்குள் தோட்டக் குழாயை விட்டாள். அடைப்பானை இறுக்கித் தண்ணீரை நிரப்பினாள்.

“படகைக் கவுத்துக் கழுவறதைப் பார்த்திருக்கேன். இது என்ன, உள்ளுக்குள்ள குளிப்பாட்டறே?” என்றான் கிரஹாம்.

“வெளியிலேருந்து உள்ள வர்ற தண்ணிக்கு, உள்ளேருந்து வெளிய போகவும் வழி தெரிஞ்சிருக்கணும் இல்ல? கீழே குனிஞ்சு பாரு.”

அவன் தேநீர்க் கோப்பையோடு குனிந்து பார்த்தான். சொட்டுச் சொட்டாக விழுந்தது, ஆனால் கண்ட இடத்தில் விழவில்லை. படகைத் தாங்கி நின்ற இரண்டு நீளக் கட்டைகளின் ஓரத்தில் மட்டும், அந்தக் கோட்டோடு கோடாக விழுந்தது.

தண்ணீரை வடித்து, ஜாக்கி வைத்துத் தூக்கி, பழைய டயர் அடுக்கில் படகை உட்காரவைத்தார்கள். கட்டைகளைச் சுற்றியிருந்த கார்ப்பெட்டை நோலின் கிழித்தாள். வாரக்கணக்கில் காயாத உப்புத் தண்ணீர் அதில் ஊறிக் கிடந்தது. உள்ளே மரம் பச்சை நிறத்தில் இருந்தது. படகின் அலுமினிய அடிப்பாகத்தில் அதே அகலத்துக்கு வெள்ளைத் தூள் பூத்திருந்தது. துடைத்தால் ஊசிக்குத்தல் போல ஓட்டைகள்.

அந்தக் கட்டைகளைப் போட்டுக்கொடுத்தவன் ராஸ். டிரெய்லரின் பழைய உருளைகள் தேய்ந்துபோனபோது, “இதெல்லாம் உனக்கெதுக்கும்மா, விடு” என்று, தன் வீட்டு மேடைக்கு வாங்கியதில் மிஞ்சிய பைன் மரத்தை அறுத்து அடித்துக்கொடுத்தான். அழுகவே அழுகாது என்று மார்தட்டினான். அது உண்மைதான். கரையானும் பூஞ்சையும் அண்டாதபடி செம்பு கலந்த மருந்து ஏற்றிய மரம் அது. ஈரத்தில் அந்தச் செம்பு அலுமினியத்தை விட்டுவைக்காது. உப்பும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். நூலகத்தில் கிடைத்த படகு பழுதுபார்க்கும் புத்தகத்தில் இது அரைப் பக்கத்துக்கு இருந்தது. மந்திரமும் இல்லை, வாழைப்பழமும் இல்லை. படிக்கிறதைவிடப் பெண்ணைக் குறை சொல்வது சுலபம், அவ்வளவுதான்.

ராஸை வரவழைத்துக் காட்டினாள்.

“உப்பு, நோலின். பழைய படகு. உப்பு அரிக்கத்தான் செய்யும்.”

“உப்புக்கு ஸ்கேல் வச்சுக் கோடு போடத் தெரியுமா ராஸ்? கட்டை இருந்த இடத்துல மட்டும், ரெண்டே கோடா அரிச்சிருக்கு. நடுவுல பாரு, பளபளன்னு இருக்கு.”

அவன் விரலால் தடவிப் பார்த்தான். “இத்தனை நாள்ல யாருமே இப்படிச் சொன்னதில்லையே...”

“பழம் பெட்டிக்குள்ள இருந்துச்சு. அடியில இருந்தது உன் கட்டை.”

புதுக் கட்டை தானே போட்டுத் தருவதாக ராஸ் முணுமுணுத்தான். “நீ போட்டது போதும்” என்று வாயிற்கதவைத் திறந்துவிட்டாள்.

ஓட்டைகளுக்கு அறுவடை இயந்திரப் பட்டறையில் அலுமினியத் தகடு வைத்துப் பற்றவைத்துக் கொடுத்தார்கள். கட்டைகளை அவளே செய்தாள். மருந்தேற்றாத, கனத்த யூகலிப்டஸ் மரமாகத் தேடி வாங்கினாள். ரம்பம் உள்ளே இறங்கவே அடம்பிடித்தது. ஓரங்களை இழைத்து உருட்டினாள்; கூர்முனை படகின் வயிற்றை அழுத்தக் கூடாது. மூன்று முறை எண்ணெய் குடிக்கவைத்தாள். போல்ட்டின் தலை மரத்துக்குள் முழுதாக அமுங்கும்படி குழி தோண்டினாள். மேலே கார்ப்பெட்டுக்குப் பதில் வழுக்கும் பிளாஸ்டிக் பட்டை. அது தண்ணீரைக் குடிக்காது. கட்டைகள் படகின் பின்விளிம்பு வரை நீண்டாக வேண்டும், இயந்திரத்தின் பாரம் முழுதும் அங்கேதான் இறங்குகிறது. ராஸின் கட்டைகள் ஒரு முழம் முன்னாலேயே நின்றுபோயிருந்தன.

கடைசி வேலைதான் நுட்பமான வேலை. கட்டைகளைப் பிடித்திருக்கும் இரும்புத் தாங்கிகளின் போல்ட்டுகளை இறுக்காமல் தளர்வாக விட்டு, படகை அங்குலம் அங்குலமாக இறக்கினாள். பாரம் உட்கார உட்காரக் கட்டைகள் தாமாகவே திரும்பி, படகின் சரிவோடு ஒட்டிக்கொண்டன. ஒரு தாளைக் கூட இடையில் நுழைக்க முடியவில்லை. அதன்பிறகுதான் ஸ்பேனரை எடுத்தாள்.

“அழகா உக்காந்துடுச்சு” என்றான் கிரஹாம்.

“உக்கார்றது பெரிசில்ல. சனிக்கிழமை தனியா ஏத்தணும்.”

“பலகை இருக்கே?”

“இருக்கட்டும். எழுத்து பெரிசாத்தான் இருக்கு, எனக்குக் கண்ணு தெரியுது.”

சனிக்கிழமை விடிந்ததும், ஊர் பார்க்க, பலகையைத் தாண்டி வண்டியைப் பின்னால் இறக்கினாள். கட்டைமேல் வழுக்கும் பட்டை என்பதால், பின்பாகம் தண்ணீரைத் தொடும்வரை, படகை டிரெய்லரோடு பிடித்திருந்த இழுவை வாரின் கொக்கியைக் கழற்றவில்லை. கழற்றியதும் படகு சத்தமில்லாமல் நழுவியது; கயிற்றால் அதைத் துறைப்பாலத்தில் கட்டி, வண்டியை மேலே நிறுத்திவிட்டு வந்தாள். தடுக்க ஓடிவந்தவர்களுக்குக் கை காட்டிவிட்டுப் போய்விட்டாள்.

நண்பகலுக்கு முன்பே தென்மேற்குக் காற்று பிடித்துக்கொண்டது. எல்லாரும் ஒரே நேரத்தில் திரும்பினார்கள். சரிவுக்கு வெளியே படகுகள் வரிசையாக ஆடிக்கொண்டு காத்திருந்தன. நோலின் தன் முறை வந்ததும் டிரெய்லரை இறக்கி, கட்டைகளின் பின்முனை நீருக்குள் மறையும் அளவில் நிறுத்தினாள். துறைப்பாலத்தில் கட்டியிருந்த படகுக்குத் திரும்பி, காற்றுக்கு எதிராகச் சற்று சாய்த்துப் பிடித்து, மெதுவாக ஓட்டி வந்தாள். மூக்கு கட்டைகளுக்கு நடுவே நுழைந்தது, காற்று ஒருமுறை தள்ளியது, கட்டைகள் அதை நேராக்கின. படகு வந்து உட்கார்ந்தது. உள்ளே நண்டுப் பெட்டியைச் சுற்றி ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை.

கொக்கியை மாட்டிவிட்டு நிமிர்ந்தபோது ராஸ் நின்றிருந்தான். திட்டத்தான் வந்தான் போலும், ஆனால் பார்த்துவிட்டான்.

“நல்லாத்தான் ஏத்தினே. சரி போ, உனக்கு மட்டும் விதிவிலக்கு தந்துடலாம்.”

நோலின் வண்டியில் ஏறினாள். இயந்திரத்தை முடுக்கவில்லை. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“என்ன ஆச்சு?”

“சலுகை வேணாம் ராஸ். அந்தப் பலகையைக் கழட்டு.”

“அதெல்லாம் கூட்டத்துல வச்சுத்தான் முடிவு பண்ணணும். அடுத்த மாசம்...”

“பாதிச் சங்கம் தண்ணியில மிதக்குது. கூட்டத்தை இப்பவே வச்சுக்கோ.”

வரிசையில் கத்தல் தொடங்கியது. “யாருப்பா அது வழியை அடைச்சது?” “ஏய் நோலின், காத்து ஏறுது!” அவள் சாவியை உருவி மடியில் வைத்துக்கொண்டாள். பின்சீட்டில் சண்டை ஓயும்வரை பஸ்ஸை நடுச்சாலையில் நிறுத்தி வைத்த பழக்கம் அவளுக்கு உண்டு. அந்தப் பஸ்ஸில் வளர்ந்தவர்கள் சிலர் இப்போது அந்த வரிசையில் இருந்தார்கள். அவர்கள்தான் முதலில் வாயை மூடினார்கள்.

“தனியாப் போறவங்களுக்குத் தடை. வேணுங்கறவங்க கையைத் தூக்குங்க!” என்று அவளே கத்தினாள்.

ஒரு கையும் எழவில்லை. ராஸ் தன் கையைப் பார்த்துக்கொண்டான், அதுவும் எழவில்லை.

“வேணாம்னா?”

கிளெம் தன் படகில் எழுந்து நின்றான். “நான் காலம் பூரா தனியாத்தான்டா போறேன், ராஸ்! அவளுக்குத் தடைன்னா எனக்கும் தடைதான்!” அவன் கையைத் தொடர்ந்து, ஆடும் படகுகளில் ஒவ்வொன்றாகக் கைகள் எழுந்தன. சிலர் நியாயத்துக்காகத் தூக்கினார்கள், சிலர் காற்றுக்குப் பயந்து தூக்கினார்கள். நோலின் அதைப் பிரித்துப் பார்க்கவில்லை. ஓட்டு ஓட்டுதான்.

ராஸ் மேலே நடந்துபோய்ச் சிறு பலகையை ஆணியோடு பிடுங்கினான். கொஞ்ச நேரம் பிடித்தது, இறுக்கித்தான் அடித்திருந்தான். அவன் அதைக் கக்கத்தில் இடுக்கும்வரை வண்டியின் முன்கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, அவள் சாவியைப் போட்டாள். சக்கரங்களிலிருந்து தண்ணீர் வழிய, படகு அசையாமல் சரிவேறியது.

“அடுத்த ஆளு வரலாம்!” என்று ஜன்னல் வழியே குரல் கொடுத்தாள்.