இரண்டு கன்னங்களின் வாசனை

என் கணவர் கடைத்தெருவிலிருந்து இரண்டு சவரச் சோப்புகளை வாங்கிவந்து, எது நல்லது என்று கேட்டார். அதில் ஒன்றான சீமைச் சோப்பை முகர்ந்ததுமே மனம் ஸ்கெலட்டன் என்ற சுரங்கக் குடியிருப்பில் இருந்த எங்கள் பழைய தட்டி வீட்டுக்குப் போய்விட்டது.

அப்போது எனக்கு நாலைந்து வயது. சுரங்கத்தில் வேலை செய்த அப்பாவுக்கு முகம் நிறையத் தாடி. தன் தம்பியின் கல்யாணத்துக்காக அதை எடுக்க நினைத்து, சீமைச் சோப்பு ஒன்றும் உள்ளூர்ச் சோப்பு ஒன்றும் வாங்கி, கன்னத்துக்கு ஒன்றாகப் போட்டுப் பார்த்தார். சீமைச் சோப்பின் நுரை பாலாடைபோல நின்றது; ஏதோ பூவின் மணம். மற்றதில் வேப்பெண்ணெய் வீசியது. நுரை காய்ந்து கத்தி இழுத்தது.

"ஆனா வெல கம்மி," என்றார் அம்மாவிடம்.

சவரம் முடிந்ததும் என்னிடம் குனிந்தார். "எந்தக் கன்னம் வாசனையா கீது, சொல்லு கண்ணு?"

குரல் அப்பாவுடையது. முகம் யாருடையதோ. நான் வீறிட்டு அழுது அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

"சரி, ஷிப்ட் முடிஞ்சி வந்து கேக்கறேன்," என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று சுரங்கத்தில் பாறை சரிந்தது. அவர் திரும்பவில்லை.

இத்தனை வருடம் மனதிலேயே வைத்திருந்ததை இன்று அம்மாவிடம் சொன்னேன். அவள் திகைத்துப் பார்த்தாள்.

"இன்னாடி சொல்ற? நீ எங்க அழுத? ரெண்டு கன்னத்தையும் மோந்துட்டு, அவரு கழுத்தக் கட்டிக்கினு சிரிச்ச."

நான் அழுதது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அம்மா பொய் சொல்கிறவள் அல்ல. என் மனம் நோகாமலிருக்க ஒருவேளை சொல்லுவாள். எதை நம்புவதென்று தெரியாமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"நான் சிரிச்சதுக்கப்புறம் இன்னா ஆச்சும்மா?" என்று கேட்டேன்.