அண்ணாச்சி காருக்கு ஏர் எடுத்தவன் நான்

அச்சங்குளத்தில் கருவேல முள்ளைத் தவிர வேறெதுவும் முளைக்காத நிலத்தில் பட்டாசுக் கம்பெனி கட்டியவன் நான். தண்ணீர் இல்லை என்று எல்லோரும் கையை விரித்த இடத்தில் கிணறு வெட்டித் தண்ணீர் கண்டவனும் நான்தான். மூன்றாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். லைசென்சுக்காகச் சூலக்கரை கலெக்டர் ஆபீசில் போய் நின்றபோது, படித்தவர் யாரையாவது கூட்டி வரச் சொன்னார்கள். எந்த ஷெட் எங்கே, எதற்கும் எதற்கும் எவ்வளவு இடைவெளி என்று தரையில் விரலால் கோடு போட்டே காட்டினேன். மழையில் சீசன் படுத்த வருஷத்தில்கூட நான் வடக்கே அனுப்பிய லோடு ஒன்றும் நமுத்துத் திரும்பி வந்ததில்லை. இதற்கெல்லாம் முந்தி, நாரணாபுரத்தில் இன்று பெரிய போர்டு வைத்து நிற்கிறதே ஒரு கம்பெனி, அதன் முதல் ஷெட்டுக்குக் கல் சுமந்ததும் இந்தத் தோள்தான். எனக்காக இதையெல்லாம் யாரும் சொல்லப் போவதில்லை. அதனால் நானே சொல்லிக்கொள்கிறேன்.

ஆனால் இப்போது பேத்தியை எழுத வைத்துச் சொல்ல வந்தது கம்பெனியைப் பற்றி அல்ல. ஒரு பழைய அம்பாசடர் காரின் பிரேக்கைப் பற்றி.

கார் அண்ணாச்சியுடையது. அவர் என் கூடப் பிறந்தவர் இல்லை. அடுத்தவன் கம்பெனியில் இரண்டு பேரும் கூலிக்குச் சரவெடி பின்னினோம். அவர் என்னைவிட மூத்தவர், அதனால் அண்ணாச்சி. பிறகு சேர்ந்து நாரணாபுரத்தில் சொந்தமாகத் தொடங்கினோம். அங்கே நான் ஒரு வழக்கம் கொண்டுவந்தேன். வெடிமருந்து அடைத்த குழாய்களை அடுக்கிய தட்டு கை மாறும்போது, வாங்குகிறவர் ‘பிடிச்சேன்’ என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அந்தச் சொல் காதில் விழும்வரை கொடுக்கிறவர் கையை எடுக்கக் கூடாது. தலையாட்டல், ‘ம்’ கொட்டல் எதுவும் செல்லாது. அண்ணாச்சியும் நானும் இருந்த காலத்தில் அந்தக் கம்பெனியில் ஒரு தட்டு தரையில் விழுந்ததில்லை.

கையில் கொஞ்சம் காசு புரண்டதும் அந்த வெள்ளைக் காரைப் பழைய வண்டியாக வாங்கினோம். வாங்கிய நாளிலிருந்து அதன் பிரேக் எங்கள் இரண்டு பேர் பொறுப்பு. பிரேக் குழாயில் காற்று புகுந்துவிட்டால் அதை வெளியேற்ற வேண்டும். அதைத்தான் ஏர் எடுப்பது என்பார்கள். ஒற்றை ஆளால் முடியாது. அண்ணாச்சி சீட்டில் உட்கார்ந்து மிதிப்பார். நான் அடியில் படுத்து, சக்கரத்துக்குப் பின்னால் இருக்கிற சின்ன நிப்பிளைத் திறப்பேன். ஆயிலோடு காற்றும் குமிழி விட்டு வரும். நான் மூடுகிறவரை அவர் காலை எடுக்கக் கூடாது. எடுத்தால் போன காற்று திரும்ப உள்ளே ஏறிவிடும். நான் “மிதிங்க” என்றால், மேலே இருந்து “பிடிச்சேன்” என்பார். தட்டுக்குச் சொன்ன சொல் பிரேக்குக்கும் வந்துவிட்டது.

பிறகு பிரிந்தோம். யார் மீது தப்பு என்று கேட்டால் அவர் மீதுதான் என்பேன். நாரணாபுரத்துக் கம்பெனியும் காரும் அவருக்கு என்றானது. நான் அச்சங்குளத்தில் முள் வெட்டப் போனேன். அதன்பின் கல்யாண மண்டபங்களில் ஒருவரை ஒருவர் பார்த்தால், பந்தியில் வேறு வேறு வரிசையில் உட்காருவோம்.

போன வருஷம் தீபாவளி முடிந்து கம்பெனிகள் மூடிக் கிடந்த நேரத்தில், அண்ணாச்சியின் மகன் என் வீட்டுக்கு வந்தான். நரை விழுந்த ஆள். அண்ணாச்சிக்குப் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது, பேச்சு அடியோடு போய்விட்டது என்பது எனக்கு முன்பே தெரியும். போய்ப் பார்க்கவில்லை.

“சித்தப்பா, கம்பெனி தொறக்குற பூசைக்கு அப்பா அந்தக் கார்லதான் வருவேங்கிறாக.”

“வாய் பேச வரலைங்காக. எப்படிலே சொன்னாரு?”

“கார் நிக்கிற பக்கமே கையைக் காட்டுறாக. வேற வண்டியில ஏத்துனா கதவைப் பிடிச்சுக்கிட்டு அழுறாக. ரெண்டு மெக்கானிக் பார்த்தாச்சு. மாஸ்டர் சிலிண்டரே புதுசு போட்டாச்சு. பெடல் பஞ்சு மாதிரி அமுங்குது.”

“என்னைக் கூப்பிடச் சொல்லி உங்கப்பா கையைக் காட்டுனாரோ?”

அவன் செருப்பைப் பார்த்தான். “அம்மா சொன்னாக.”

மறுநாள் காலையில் போனேன். வாசலில் மதினி, அண்ணாச்சியின் சம்சாரம், நின்றார்.

“வாங்க தம்பி. வழி மறந்து வந்துட்டீகளோ?”

“கார் நிக்கிற எடம் மறக்குமா மதினி?”

“கார் நிக்கிற எடம் தெரியுது. மனுசன் கெடக்குற எடந்தான் தெரியலையாக்கும்.”

அண்ணாச்சி போர்டிகோவில் நாற்காலியில் இருந்தார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. வலது கை மடியில் யாரோ வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி கிடந்தது. என்னைப் பார்த்தார். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

நான் காருக்குப் போனேன். பெடலை மிதித்தால் தரைவரை போனது. விடாமல் மிதித்து மிதித்து விட்டால் கொஞ்சம் விறைத்தது. அப்படியென்றால் உள்ளே காற்று. விறைத்த பெடலை அப்படியே அழுத்திக்கொண்டு இருந்து பார்த்தேன், மெதுவாக இறங்கவில்லை. ஆகவே புதிதாகப் போட்ட சிலிண்டரில் குற்றமில்லை. ஒவ்வொரு சக்கரத்தின் உட்புறமும் கையை விட்டுத் தடவினேன். பின்பக்க இடது சக்கரத்தில் ஈரம். ஓடாமல் நின்ற வண்டி, உள்ளே ரப்பர் இற்றுப்போயிருந்தது. இரண்டு மெக்கானிக்கும் டிரம்மைக் கழற்றியே பார்க்கவில்லை. ரப்பரை மாற்றி, லைனிங்கைச் சரிபார்த்து, புது ஆயில் டப்பா உடைக்கச் சொன்னேன்.

மகன் சீட்டில் உட்கார்ந்தான். நான் சாக்கை விரித்து அடியில் படுத்தேன். இந்த வயதில் படுப்பது சுலபம், எழுவதுதான் பாடு.

“மிதிலே.”

“ம்.”

“‘ம்’முனா என்ன? மிதிச்சியா, விட்டியா?”

“மிதிச்சுட்டேன் சித்தப்பா.”

திறந்தேன். நிப்பிளில் மாட்டிய டியூப் வழியே பாட்டிலுக்குள் நுரை வந்தது. நான் மூடுவதற்குள் அவன் போன் அடித்தது, கால் தளர்ந்தது. வந்த நுரை டியூப் வழியே திரும்ப உள்ளே போவதைக் கண்ணால் பார்த்தேன். திரும்பத் திரும்ப அதே கதை. வேர்க்க விறுவிறுக்க வெளியே வந்தால், பாட்டிலில் பிடித்த நுரை ஆயிலை அவன் மறுபடி மாஸ்டர் சிலிண்டரில் ஊற்றிக்கொண்டிருந்தான்.

“ஏலே, தரையில சிந்துன மருந்தைக் கூட்டி அள்ளி மறுபடி குழாய்ல அடைப்பியா நீ?”

“நல்ல ஆயில்தானே சித்தப்பா, வீணாப் போகுதேன்னு...”

“உங்க கம்பெனியில தட்டு மாத்துறப்பவும் இப்படித்தான் ‘ம்’மு கொட்டிக்கிட்டு இருக்கீகளா?”

“இப்பத் தட்டு யாரு சித்தப்பா மாத்துறா? டிராலி வந்துருச்சு.”

அப்போது டக் டக் என்று சத்தம் கேட்டது. அண்ணாச்சி இடது கையில் இருந்த கம்பைத் தரையில் தட்டினார். கம்பை நீட்டிக் கார் சீட்டைக் காட்டினார்.

“தன்னை ஏத்தச் சொல்றாக” என்றார் மதினி.

“விழுந்துருவாகம்மா.”

“விழுந்தா நான் தாங்கிக்கிறேன். தூக்குலே.”

தூக்கி உட்கார வைத்தோம். வலது கால் துணி மாதிரி தொங்கியது. மதினி குனிந்து அவருடைய இடது காலை எடுத்துப் பிரேக் மீது வைத்தார். கதவைத் திறந்தபடியே வைத்து, தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

நான் அடியில் போய்ப் படுத்தேன். நிப்பிளில் ஸ்பேனரை வைத்துக்கொண்டு, எப்போதும் சொல்கிற மாதிரியே சொன்னேன்.

“அண்ணாச்சி, மிதிங்க.”

பெடல் இறங்குகிற கிறீச் சத்தம் கேட்டது. அப்புறம் மேலே இருந்து, கோணல்மாணலாக, ஆனால் முழுசாக ஒரு சொல் வந்தது.

“பிடிச்சேன்.”

மதினி வாய்விட்டு அழுதுவிட்டார். படுத்த நாளிலிருந்து அண்ணாச்சி ஒரு சொல் சொன்னதில்லை. தண்ணீர் கேட்டதில்லை. பெற்ற மகன் பெயரைச் சொன்னதில்லை. எனக்குக் கண் மறைத்தது. நிப்பிள் எங்கே இருக்கிறது என்று விரலுக்குத்தான் தெரிந்தது. திறந்தேன், மூடினேன். “விடுங்க அண்ணாச்சி” என்றேன். நான் சொன்ன பிறகுதான் விட்டார்.

ஒவ்வொரு சக்கரமாக வந்தோம். ஒவ்வொரு மிதிக்கும் அந்தச் சொல் வந்தது. ஒரு தரம்கூட முந்திக் கால் எடுக்கவில்லை. கடைசிச் சக்கரத்தில் குமிழி நின்று, ஆயில் மட்டும் கம்பி மாதிரி வந்தது. வெளியே வந்து கையால் பெடலை அழுத்திப் பார்த்தேன். கல் மாதிரி நின்றது.

அவர் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு ஆசை வந்தது. இவ்வளவு சொன்னவர் இன்னும் ஒன்று சொல்லமாட்டாரா?

“அண்ணாச்சி, என்னை யாருன்னு தெரியுதா?”

“பிடிச்சேன்.”

“நாரணாபுரத்துல அந்த மொத ஷெட்டை நாம ரெண்டு பேருந்தானே கட்டுனோம்? உங்க மகன் நிக்கிறான். ஒரு வார்த்தை சொல்லுங்க, அவன் கேக்கட்டும்.”

உதடு என்னமோ தேடியது. கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணில் தண்ணீர் நின்றது.

“பிடிச்சேன்” என்றார். “பிடிச்சேன். பிடிச்சேன்.”

மகன் பாட்டிலை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான். மதினி, “போதும் தம்பி, அவுகளைப் படுத்தாதீக” என்றார். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. அவருக்குள் வேறு சொல் இருந்ததா, அந்த ஒன்றுதான் மிச்சம் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

பூசை அன்று மகன் காரை ஓட்டினான். அண்ணாச்சி முன்னால், நான் பின்னால். கம்பெனி கேட்டுக்குள் எந்த வண்டியும் இஞ்சின் ஓடியபடி போகக் கூடாது என்பது எங்கள் கால முறை. கேட்டில் அணைக்கச் சொன்னேன். பாதை கொஞ்சம் சரிவு. கார் சத்தமில்லாமல் தானாக உருண்டது. பழைய ஷெட்டுக்கு எட்ட, வேப்ப மரத்தடியில் மகன் பிரேக்கை மிதித்தான். ஒரு குலுக்கல் இல்லாமல் நின்றது. அண்ணாச்சி இறங்கவில்லை. கண்ணாடி வழியே அந்த ஷெட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நானும் பார்த்தேன். முன்வரிசைக் கல் நான் சுமந்தது.

பொங்கலுக்கு முன்னால் அவர் போய்ச் சேர்ந்தார். நான் துக்க வீட்டில் பந்தலுக்கு வெளியே, கார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சாவுக்கு வந்த வியாபாரிகளில் பாதிப் பேருக்கு நான் யார் என்று தெரியவில்லை.

பிறகு வழவழ தாளில், பல வர்ணத்தில் நினைவு மலர் போட்டார்கள். என் பேத்தி வாசித்துக் காட்டினாள். நாரணாபுரத்துக் கம்பெனியை அண்ணாச்சி ‘தன்னந்தனியாக நின்று உருவாக்கினார்’ என்று இருந்தது. வேப்ப மரத்தடியில் கார் நிற்கிற படமும் இருந்தது. படத்துக்குக் கீழே, ‘மகன் பழுது நீக்கி அழைத்துச் சென்ற கடைசிப் பயணம்’ என்று போட்டிருந்தது.

மகனுக்குப் போன் போட்டேன்.

“அச்சுக்குப் போன பெறகுதான் ஞாபகம் வந்துச்சு சித்தப்பா. இனி என்ன செய்ய?”

“சிவகாசியில உக்காந்துக்கிட்டு, அச்சைத் திருத்த முடியாதுன்னு என்கிட்டயே சொல்றியாலே?”

அவன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

வருஷத் திதிக்கு மறுபடி அச்சடிக்கப் போவதாகக் கேள்வி. அண்ணாச்சியின் புகழில் ஒரு எழுத்தும் குறைக்க வேண்டாம், நானே அதற்கு மேலும் சொல்வேன். ஆனால் இரண்டு இடத்தில் திருத்துங்கள். நாரணாபுரத்துக் கம்பெனியை இரண்டு பேர் கட்டினார்கள் என்று போடுங்கள். காருக்கு ஏர் எடுத்தது, மேலே மிதித்தவர் அண்ணாச்சி, கீழே கிடந்தவன் நான் என்று போடுங்கள். சாட்சிக்கு மதினி இருக்கிறார். அதுவும் போதாதென்றால், அண்ணாச்சி கடைசியாகச் சொன்ன சொல் இருக்கிறது. பிடித்தேன் என்று ஒருவர் சொன்னால், அவர் கையில் கொடுத்தவன் ஒருவன் இருந்தான். அந்தக் கம்பெனியில் வேலை பார்த்த யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். கொடுத்தவன் நான்தான். என் பெயரைப் போடுங்கள்.