மெதுவாக ஓடிய பெரிய வண்டி

விளையாட்டு ஆசிரியர் தரணேந்திரன் காலமானார் என்ற செய்தி, நான் ரேஷன் கடை வரிசையில் நின்றிருந்தபோது வந்தது. செஞ்சிப் பள்ளியில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்கெல்லாம் சொல்லும் பொறுப்பு என்மேல் விழுந்தது. ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லி முடித்தபோது துக்கத்தைவிடக் களைப்பே மிஞ்சியிருந்தது. நான் வேதியியல் கற்பித்தவன். அவரோடு நெருங்கிப் பழகியது ஓய்வுபெற்ற பிறகுதான். இந்த அஞ்சலியை எழுதத் தகுந்தவன் நான்தானா என்று இப்போதும் தெரியவில்லை.

அவருடைய பெரிய ஜீப்பைப் பார்த்து உங்களில் பலர் சிரித்திருப்பீர்கள். அவர் துணைவியார் பத்மாவதி அம்மாவுக்கு இடுப்பு மூட்டு அறுவை சிகிச்சை நடந்தபின், தாழ்வான இருக்கையில் உட்காரக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். காருக்குள் குனிய முடியாது. பேருந்துப் படி ஏற முடியாது. ஜீப்பில் மட்டும் அப்படியே சாய்ந்து உட்கார்ந்துவிடுவார். புதன்கிழமைதோறும் பிசியோதெரபிக்குப் புதுச்சேரி போனார்கள். அந்த அம்மா வெளியே வருவது அன்று மட்டும்தான். டீசல் செலவைப் பார்த்த மகன், வண்டியை விற்றுவிட்டு, பயிற்சி தருபவரை வீட்டுக்கே வரவழைக்கலாம் என்றான்.

"வூட்டுக்குள்ளயே கட்டிப் போட்டா மாதிரி ஆயிடும் சார்" என்றார் அம்மா.

மைலேஜைக் கூட்டியே ஆகவேண்டும் என்று தரணேந்திரன் மாஸ்டர் என்னை அழைத்தார். வண்டியின் கையேட்டை முழுவதும் படித்துவிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டேன்: "நாலு சக்கரத்துக்கும் இன்ஜின் பலம் போற லீவரை எப்பவும் போட்டே வச்சிருக்கீங்களே, தார் ரோட்டுக்கு அது வேணாம் இல்லையா?"

"இன்னா சார் நீங்க! நாலு சக்கரத்துக்கும் துட்டு குடுத்திருக்குது. ரெண்டை மட்டும் வேலை வாங்கினா மீதி ரெண்டுக்கு இன்னா மரியாதை?"

ஆனால் மறுநாளே லீவரை இரண்டு சக்கரத்துக்கு மாற்றிவிட்டார். கூரை மேலிருந்த இரும்பு கேரியரையும் முன்னால் மாட்டியிருந்த கனத்த கம்பியையும் கழற்றினோம். வாரம் தவறாமல் டயர் காற்றைப் பார்த்தோம். வேகத்தையும் குறைத்தார். "மிதிக்கக் கூடாது சார், வண்டிக்கு ஞாபகப்படுத்தினா போதும்" என்பார். டேங்கை நிரப்பி, அடுத்து நிரப்பும்வரை ஓடிய தூரத்தைக் கணக்கிடுவது என் வேலை. மைலேஜ் மெல்ல ஏறியது.

வேகம் குறைந்ததில் வேறொரு சிக்கல் வந்தது. அவர்கள் ஜைனர்கள்; பொழுது சாய்ந்தபின் சாப்பிட மாட்டார்கள். ஒரு நாள் பயிற்சி நீண்டுவிட்டது. திரும்பி வரும்போது எதிரே சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. கொஞ்சம் அழுத்தினால் நேரத்துக்கு வீடு சேர்ந்துவிடலாம். மைலேஜ் கணக்குக் கெட்டுவிடுமே என்று எனக்குக் கவலை. அதை வாய்விட்டுச் சொல்லக் கூச்சம். மாஸ்டர் வண்டியை ஓரங்கட்டி இன்ஜினை அணைத்தார். தூக்கில் மீந்திருந்த தயிர்சாதத்தை அம்மா இருக்கையில் இருந்தபடியே சாப்பிடத் தொடங்கினார்.

ஆடு ஓட்டி வந்தவர் நின்று பார்த்தார். "இன்னா சார், டீசல் தீந்துட்ச்சா?"

"டீசல் இருக்குது. வெளிச்சந்தான் தீந்துடும்போல. நீயும் ஒரு வாய் சாப்புடு, வா."

அதன்பிறகு சாயங்காலச் சாப்பாடும் வண்டியிலேயே போனது. மகனும் விற்கும் பேச்சை நிறுத்தினான்.

காரியம் முடிந்த மறுநாள், இனி ஓட்ட ஆளில்லையே என்று அவன் சாவியோடு நின்றான். "நான் ஓட்டுறேன்" என்ற குரல் என்னுடையதுதான் என்று புரியச் சற்று நேரம் பிடித்தது.

"உங்களால முடியுமா சார்?" என்றார் அம்மா.

"தெரியலம்மா."

"அது போதும். எல்லாம் தெரியும்னு சொன்னவர்கூட இத்தினி வருசம் உக்காந்து வந்துட்டேன்."

அந்தக் கிளச்சை அழுத்தினால் எனக்கு முழங்கால் வலிக்கிறது. லாரி எதிரே வந்தால் ஓரங்கட்டி, அது போனபிறகே நகர்கிறேன். தரணேந்திரன் மாஸ்டரிடமிருந்து எனக்கு வந்து சேர்ந்திருப்பவை அவருடைய புதன்கிழமைகள்.