தாலி அவர்கள் காசு, வழக்கு என் காசு

கோலசிலாங்கூரில் நான் மனு எழுதும் கிராணியாக இருக்கும் வழக்கறிஞர் அலுவலகத்துக்கு விவாகரத்து கேட்டு வந்த பெண் அவர். பக்கத்து ஊரான அசாம் ஜாவாவில் பள்ளி வேன் ஓட்டுபவர். ஒடிசலான உடம்பு, சன்னலோர வெயிலில் வலது கை மட்டும் கறுத்திருக்கும். எத்தனை அவசரமாக வந்தாலும் வேனை ரிவர்ஸில் விட்டு, முகப்பு ரோட்டைப் பார்க்கத்தான் நிறுத்துவார்.

மனுவைத் தயாரிக்கும்போது, வழக்குச் செலவைக் கணவரே ஏற்க வேண்டும் என்று கோர்ட்டில் கேட்கும் வரியைப் படித்துக் காட்டினேன்.

“அந்த வரிய எடுத்துருங்க மேடம்,” என்றார்.

“அவர் அடிச்சதுக்கு போலீஸ் ரிப்போர்ட்டே இருக்குக்கா. கேட்டா கெடைக்கலாம். ஏன் விடுறீங்க?”

“தாலி அவங்க வீட்டுக் காசுல வாங்கினது. கல்யாணமான நாள்லேருந்து அதையே சொல்லிக் காட்டுறாங்க. இதுக்கும் அவரு டுயிட் கட்டினா, காசு குடுத்து அவள அத்து விட்டேன்னு கம்பம் முழுக்க வீடு வீடாச் சொல்லிக்கிட்டுத் திரிவாரு. விட்டுட்டுப் போறது நான் லா. நானே கட்டுறேன்.”

வரியை எடுத்துவிட்டேன்.

மனு கையில் கிடைத்ததும் அவருடைய கணவர் போன் செய்தார்.

“நான் எவ்வளவு கட்டணும்?” கேள்வியிலேயே ஒரு மிதப்பு இருந்தது.

“ஒரு வெள்ளி காசும் கட்ட வேணாம் சார். எல்லாம் உங்க சம்சாரமே கட்டுறாங்க.”



“அப்ப நான் என்ன செய்யணும்?”

“கோர்ட்டுக்கு வந்தாப் போதும் சார்.”

அதைச் சொன்னபோது என் குரலில் இருந்த சந்தோஷம் வழக்கறிஞர் அலுவலகக் கிராணிக்கு ஆகாது. இருக்கட்டும்.