பிரேக் பிடித்த சைக்கிள்

போஞ்சிக் கொடி படர்ந்திருந்த நிலையில்தான் அந்தச் சைக்கிளை முதலில் பார்த்தேன். தெமோதரைக்குக் கீழே ஒரு சிங்களக் கிழவரின் மரக்கறிப் பாத்தி அது. சொந்த நாட்டுக்குத் திரும்பிய தேயிலைத் தோட்டத்து வெள்ளைக்காரச் சின்னத் தொரை ஒருவர் அவரிடம் தள்ளிவிட்டுப் போன பந்தயச் சைக்கிள். ஆட்டுக் கடாவின் கொம்பு மாதிரி கீழே வளைந்த ஹேண்டில், மெல்லிய சக்கரங்கள். பின் சக்கரம் பாதி மண்ணுக்குள் இருந்தது. விலைக்குக் கேட்டேன். கிழவர் என்னை மேலும் கீழும் பார்த்துச் சிரித்தார்.

“காய் முடியட்டும் தம்பி. அப்புறம் புடுங்கிட்டுப் போ.”

காய் முடியும்வரை காத்திருந்து பிடுங்கிக்கொண்டு வந்தேன். தோளில் சுமந்தபடி, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்து வாசலில் ஏறியபோது, “செத்த ஆட்டத் தூக்கிட்டு வர்றாரு, இன்னைக்கு எல்லாருக்கும் கறிதான்” என்றாள் ஒருத்தி. லயமே சிரித்தது. தேயிலைச் செடி கழிக்கும் கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்த அப்பா மட்டும் சிரிக்கவில்லை. நிமிராமலே கேட்டார்: “ஒனக்குக் கால் ரெண்டும் இல்லாமப் போச்சா?”

நான் அப்போது ஸ்டோரில் வேலை செய்துகொண்டிருந்தேன். தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்போம். என்ஜினுக்கு எண்ணெய் விடுவதும் பெல்ட்டு மாற்றுவதும் என் வேலை. இலங்கைக்குச் சுதந்திரம் வந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. தோட்டத்தை நிர்வகித்த பெரிய தொரை மட்டும் இன்னும் வெள்ளைக்காரர்தான்.

சைக்கிளில் அசைகிற உறுப்பு ஒன்றுகூட இல்லை. செயின் துருவேறி ஒரே கம்பியாகியிருந்தது. அதை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டேன். சீட் கம்பி சைக்கிளின் உடம்போடு ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. சிரட்டைக் கரியை ஊதி அந்த இடத்தைச் சூடாக்கி, தண்ணீர் தெளித்து, மறுபடியும் சூடாக்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்தான் அதைத் திருக முடிந்தது. பெடல் அச்சுக்குள் இருந்த குண்டுகள் தேய்ந்து நெல்லிக்கொட்டை மாதிரி கோணலாகியிருந்தன. அவற்றையும் டயரையும் பதுளைக் கடைத்தெருவில் தேடி வாங்கினேன்.

ரிம்மைத் தேய்த்தது என் மனைவி. எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருடம் ஆகவில்லை. கொழுந்து எடுத்துவிட்டு வந்து, செங்கல் பொடியும் தேங்காய் மஞ்சியுமாக உட்காருவாள். தேயிலைக் கறையில் கறுத்த விரல்களில் துருவும் ஏறியது. சீட்டைப் பார்த்துவிட்டு, “ஏங்க, இது மனுசன் ஒக்கார்ற எடமா, அருவாமணையா?” என்று கேட்டாள்.

பிரேக் கட்டைதான் கிடைக்கவில்லை. ஸ்டோருக்குப் பின்னால் குப்பையில் கிடந்த பழைய பெல்ட்டிலிருந்து துண்டுகள் வெட்டி, இழைத்து, மாட்டினேன். ரிம்மை அவை கவ்விப் பிடித்ததைப் பார்த்து நானே அசந்துபோனேன்.

முதல்நாள் அவளை முன் கம்பியில் உட்காரவைத்து ஸ்டோர் இறக்கத்தில் விட்டேன். அவள் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு கத்தினாள். இறக்கம் முடிகிற இடத்துப் பாலத்தருகே நிறுத்தியபோது, “இன்னொருக்கா” என்றாள். அப்படி அவள் எதையும் என்னிடம் கேட்டதில்லை.

தொரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்கி ஓரமாய் நிற்க வேண்டும் என்பது எங்கள் தோட்டத்துச் சட்டம். அதை நான் மீறியதில்லை. ஒருநாள் அப்படி இறங்கி நின்றபோது தொரையின் கார் நின்றது. விடுமுறைக்கு வந்திருந்த அவர் மகன் ஜன்னலுக்குள்ளிருந்து சைக்கிளையே பார்த்தான். மீசை அரும்புகிற வயது. மறுநாள் காலை தலைமைக் கணக்கப்பிள்ளை ஸ்டோருக்கு வந்தார்.

“சின்னவருக்கு அந்தச் சைக்கிளு புடிச்சிருக்காம். பங்களாவுல கொண்டுபோய் வச்சிட்டு வா.”

“எப்பங்கையா திருப்பித் தருவாங்க?”

“அத நீ கேப்பியா?” என்றார்.

கொண்டுபோய் வைத்தேன். மூன்றாம் நாள் அந்தப் பையன் ஸ்டோர் இறக்கத்தில் இறங்கி, பாலத்துச் சுவரில் மோதி, மணிக்கட்டை உடைத்துக்கொண்டான். இறங்கும்போது அவன் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு பாட்டுப் பாடியதைக் கொழுந்து எடுத்த பெண்கள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். பங்களாவில் அவன் சொன்னது வேறு. பிரேக் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டான்.

மறுநாள் விடியற்காலை, எல்லோரும் வேலைக்கு அணிவகுக்கும் பெரட்டுக்களத்தில் என்னை முன்னே நிறுத்தினார்கள். பக்கத்தில் சைக்கிள். ஃபோர்க் பின்னால் வளைந்து, முன் சக்கரம் உடம்புக் கம்பியை உரசிக்கொண்டு நின்றது. தொரை தோட்டத்துத் தமிழ் பேசுவார்.

“என் மகனை நீ கொல்லப் பாக்கறது?”

“இல்லீங்க தொரை. பிரேக்கு நல்லாருக்குங்க.”

“நல்லாருக்கா? அப்ப நீ ஏறு. ஸ்டோர் எறக்கத்துல இருந்து பாலம் வரைக்கும் போ. நான் பாக்கறது.”

கணக்கப்பிள்ளைக்கே முகம் மாறியது. “தொரை, ஃபோர்க்கு வளைஞ்சிருக்கு” என்று முணுமுணுத்தார். தொரை பைப்பைப் பற்றவைத்தார். கூட்டத்தில் என் மனைவி இருந்தாள். அப்பாவும் இருந்தார்.

ஏறினேன். சைக்கிள் இடதுபக்கமாகவே இழுத்தது. இடதுபக்கம் பள்ளம். உடம்பை வலப்பக்கம் சாய்த்து, ஹேண்டிலோடு மல்லுக்கட்டிக்கொண்டே இறங்கினேன். வேகம் கூடக் கூட முன் சக்கரம் உடம்புக் கம்பியில் உரசி அலறியது. பாலத்துச் சுவரில் பையன் மோதிய இடம் வெள்ளையாகத் தெரிந்தது. இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்தேன். பின் சக்கரம் சறுக்கி, குலுங்கி, நின்றது. சுவருக்கும் எனக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கலாம்.

தப்பித்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன். மேலே வந்தபோது தொரையின் முகம் சிவந்திருந்தது. அவர் மகனைப் பொய்யனென்று நூறு பேருக்கு முன்னால் நான் காட்டிவிட்டேன் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. குனிந்து பிரேக்கைத் தொட்டுப் பார்த்தார்.

“இது என்ன?”

“பழைய பெல்ட்டுங்க தொரை. ஸ்டோர்க் குப்பையில கெடந்துச்சு.”

“குப்பை யாருது?”

நான் ஹேண்டிலைப் பிடித்திருந்த கையை எடுத்தேன்.

“குப்பையும் தோட்டத்துது. நீ கள்ளன்” என்றார். சொல்லிவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விட்டார்.

சாயங்காலத்துக்குள் எனக்கும் மனைவிக்கும் பத்துச்சீட்டு வந்தது. வேலையும் இல்லை, வீடும் இல்லை என்று எழுதிக் கொடுக்கும் துண்டு அது. மறுநாள் பானையையும் பாயையும் துணி மூட்டையையும் அந்தச் சைக்கிளில் கட்டித் தள்ளிக்கொண்டு கிளம்பினோம். செத்த ஆடு என்று சிரித்தவள் கதவைச் சாத்திக்கொண்டாள். அப்பா வாசலில் நின்றார்.

“நான் அன்னைக்கே சொன்னேன். கேட்டியா?” என்றார். பிறகு என் மனைவியைப் பார்த்து, “நீயுந்தான் தேச்சியே” என்றார். அவள் அழுததை அந்த ஒருமுறைதான் பார்த்தேன். அப்பாவுக்கும், அதே லயத்தில் இருந்த என் தம்பிக்கும் வேலை மிஞ்ச வேண்டும். எங்களைத் திட்டினால்தான் மிஞ்சும். இது எனக்குப் புரிந்தது. புரிந்ததால் வலி குறைந்துவிடவில்லை.

பதுளையில் ஒரு மர ஆலையில் வேலை கிடைத்தது. ஆலைக்காரரின் உலையில் ஃபோர்க்கைப் பழுக்கக் காய்ச்சி நிமிர்த்தினேன். தினமும் அதில்தான் வேலைக்குப் போனேன். முன் கம்பியில் உட்காரச் சொன்னால் அவள் வேண்டாமென்று தலையை ஆட்டிவிட்டு நடப்பாள். நானும் இறங்கிக் கூட நடப்பேன்.

சில வருடங்கள் கழித்து ஒரு காலையில் அப்பா இறந்த செய்தி வந்தது. மூத்த மகன் நான்தான் கடைசி மண் போட வேண்டும். சைக்கிளை எடுத்துக்கொண்டு மேடெல்லாம் மிதித்துத் தோட்டத்து எல்லைக்குப் போனேன். காவல்காரர் குறுக்கே கம்பை நீட்டினார். என்னோடு ஒரே லயத்தில் வளர்ந்தவர்.

“பத்துச்சீட்டு வாங்குனவங்க உள்ள வரக் கூடாதுண்ணே.”

“செத்தது எங்கப்பாடா.”

“தெரியும்ணே. பங்களாவுல கேட்டு ஆளனுப்பியிருக்கேன். ஒக்காருங்க.”

உட்கார்ந்தேன். எதிர் மலையில் தப்புச் சத்தம் தொடங்கியது. பாடை லயத்தைவிட்டுக் கிளம்பி, தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் மெல்ல ஏறியது. கூட்டத்தில் தம்பி யார் என்று தெரியவில்லை. அவர்கள் மேட்டில் நின்றார்கள், குனிந்தார்கள், பிறகு ஒவ்வொருவராக இறங்கத் தொடங்கினார்கள். அதன் பிறகுதான் பங்களாவுக்குப் போனவன் திரும்பி வந்தான்.

“வேணாம்னுட்டாங்க” என்றான்.

காவல்காரர் என் முகத்தைப் பார்க்காமல், “தாகமா இருக்காண்ணே, தண்ணி தரவா?” என்று கேட்டார். தாகமாகத்தான் இருந்தது. வாங்கிக் குடித்தேன்.