விட்டுப்போன இரண்டு வரிகள்

என் மனைவிக்குக் காது முழுவதும் கேட்காமல் போன பிறகு, வல்லம் வடகாலில் நாங்கள் வீடு கட்டிக் குடிபுகுந்த வீடியோவை அவள் பார்ப்பதே இல்லை. "எல்லாரும் வாய மட்டும் அசைக்கிறாங்க" என்பாள். அதனால் மகனின் கம்ப்யூட்டரில் ஹெட்போன் மாட்டி உட்கார்ந்து, பேச்சையெல்லாம் தமிழில் தட்டி, சப்டைட்டிலாக அதில் சேர்த்தேன். மொத்தம் 412 வரிகள். மீடியா பிளேயர் ரிமோட்டில் பொத்தானை அழுத்தினால் எழுத்து வரும். மறுபடி அழுத்தினால் மறையும். ஏதாவது பிசகிவிடுமோ என்று மூன்று முறை சரிபார்த்தேன்.

அவள் சிரித்துச் சிரித்துப் பார்த்தாள். திடீரென்று நிறுத்தினாள்.

"இங்க உங்க அக்கா பேசறாங்க, நீங்களும் பேசறீங்க. எழுத்தக் காணோமே?"

மேளச் சத்தத்தில் கேட்கவில்லை என்று கையை விரித்தேன்.

"பொய் சொல்லாதீங்க. அன்னிக்கு எனக்குக் காது நல்லாத்தான் கேட்டுச்சு. 'உம் பொண்டாட்டி வெச்சது பாயசமா, கஞ்சியா'ன்னாங்க. நான் அடுப்பாண்ட போய்ட்டேன். அதுக்கு நீங்க இன்னா சொன்னீங்க?"

அவள் மனம் நோகுமே என்று நான் விட்டவை அந்த இரண்டு வரிகள்தான். அன்றே சேர்த்தேன். என் பதிலை அவள் வாய்விட்டுப் படித்தாள்: "முப்பது வருஷமா அவ கையால சாப்புடறேன்க்கா. ஒரு நாளும் தட்டுல மீதி வெச்சதில்ல."

பொங்கலுக்கு வந்த அக்கா அந்த வீடியோவைப் போடச் சொன்னாள். அந்த இடம் நெருங்க நெருங்க நான் ரிமோட்டைத் தேடினேன். என் மனைவி சத்தமில்லாமல் ரிமோட்டை எடுத்து எழுத்தை மறைத்தாள். மேளச் சத்தத்தில் அக்காவுக்கு எதுவும் கேட்கவில்லை.

அக்கா கிளம்பியதும், எழுத்தை வரவழைத்து அந்த இடத்தை மட்டும் மறுபடி ஓட்டினாள். அவளைக் காப்பதாக நினைத்துக்கொண்டு, அவள் இத்தனை வருடம் கேட்கக் காத்திருந்ததையும் சேர்த்தல்லவா ஒளித்திருந்தேன்.